மருந்துப் போத்தலுக்குப் பின்னால் ஒரு நாய்

சிறுபோகத்தில் புல்லுக்கு எண்ணெய் அடிக்கிற நாள். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் வயலொன்றின் வரம்பில் மச்சானோடு நின்றுகொண்டிருந்தேன். (பூச்சிக்கு அடிப்பதும் புல்லுக்கு அடிப்பதும் நம் பக்கத்துப் பேச்சில் எண்ணெய்தான். அரசாங்கக் காகிதத்தில் அதற்குப் பெயர் பீடைநாசினி.) மச்சானின் வாடியைக் காவல் காக்கும் செவலை நாயை அன்றைக்கு மருத மரத்தடியில் கட்டிப் போட்டிருந்தார். அது விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

“என்ன மச்சான், இதைக் கட்டிப் போட்டிருக்கிறீங்க?”

“எண்ணெய் அடிச்ச வயலுக்குள்ள எறங்கித் தண்ணிய நக்கிப் போடும். பாவம், வாயில்லாச் சீவன்.”

இதைச் சொன்னவரின் காலில் செருப்பில்லை, கையில் உறையில்லை. முகத்தில் ஒரு லேஞ்சியைக் கட்டியிருந்தார், அவ்வளவுதான். நாய்க்குப் பார்த்த மனிதர் தனக்குப் பார்க்கவில்லை.

வெறும் போத்தலை எடுத்துப் பார்த்தேன். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பொடி எழுத்து. அடியில் ஒரு நிறப் பட்டி. எத்தனை மில்லிலீற்றர் கலக்க வேண்டும், அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்ற விபரங்கள். இந்த எழுத்துக்களுக்குப் பின்னால் வேறு நாய்கள் நிற்கின்றன என்பது மச்சானுக்குத் தெரியாது. சில வருடங்களுக்கு முன்புவரை எனக்கும் தெரியாது.

ஆய்வுகூட நாய்களைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர்கள் அது வெள்ளைக்காரன் பிரச்சினை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தச் சோதனைகள் நடப்பது தூர தேசத்தில் என்பது உண்மைதான். ஆனால் அதன் விளைவு வந்து இறங்குவது கமநல சேவைகள் நிலையத்துக்கு எதிரே உள்ள மருந்துக் கடையில்.

நாய் எப்படி இதற்குள் வந்தது? 1937-இல் ஐக்கிய அமெரிக்காவில் சல்பனிலமைட் என்ற மருந்தைப் பாணியாக்கி விற்றார்கள். அதைக் கரைக்கப் பயன்படுத்திய டைஎதிலீன் கிளைக்கோல் நஞ்சு. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். விற்பதற்கு முன் சோதிக்க வேண்டும் என்ற சட்டமே அங்கு அப்போது இல்லை. மறு வருடம், 1938-இல், சட்டம் வந்தது. சோதிப்பதென்றால் எதில் சோதிப்பது? எலியில் பார்ப்பது மலிவு. ஆனால் எலி மட்டும் போதாது, எலியினத்தைச் சேராத இன்னொரு பிராணியும் வேண்டும் என்ற கருத்து நிலைபெற்றது. அந்த இடத்துக்கு நாய் வந்தது. நாயின் உடம்பு மனித உடம்பைப் போன்றது என்று யாரும் நிறுவிவிட்டு அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. நாய் கிடைத்தது, பழக்கியிருந்தார்கள், கையாளச் சுலபம். பிறகு அது வழக்கமாயிற்று, வழக்கம் விதியாயிற்று.

இப்போது பெரும்பாலும் பயன்படுவது பீகிள் என்ற சாதி. பத்துக் கிலோ அளவில் நிற்கும், தொங்கு காது, முயல் வேட்டைக்கு வளர்த்த இனம். இதைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்றை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அது சாதுவானதாம். ஊசி போட்டாலும் குழாய் விட்டாலும் கடிக்காதாம். மனிதரை நம்புகிற குணம் அதற்கு எமனாகிவிட்டது.

சோதனை முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு சர்வதேச அளவில் வழிகாட்டி வைத்திருக்கிறது. அதன் 409-ஆம் இலக்க வழிகாட்டிப்படி 90 நாள் தொடர்ந்து மருந்து கொடுக்க வேண்டும். மூன்று அளவுகளில் மூன்று குழு, மருந்தே கொடுக்காத ஒரு குழு. ஒவ்வொன்றிலும் குறைந்தது நான்கு ஆண், நான்கு பெண். ஆகக் குறைந்தது 32 நாய்கள். அதிக அளவு பெறும் குழுவில் நோய்க்குறி தெரிய வேண்டும், தெரியாவிட்டால் சோதனை பயனற்றது என்பார்கள். முடிவில் எல்லா நாய்களையும் கொன்று ஈரல், சிறுநீரகம், நுரையீரல் என்று உறுப்பு உறுப்பாகப் பார்ப்பார்கள். மருந்தே கொடுக்காத எட்டு நாய்க்கும் அதே கதிதான். இது 90 நாள் சோதனை. பீடைநாசினிகளுக்கு இதற்கு மேலாக ஒரு வருடச் சோதனையும் நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது.

இதிலிருந்து வெளியே வருவது ஒரு எண். எந்த அளவுவரை கொடுத்தும் நாய்க்குக் கெடுதி தெரியவில்லையோ, அந்த அளவு. அதை நூறால் வகுப்பார்கள். மனிதன் பிராணியை விடப் பத்து மடங்கு நலிந்தவனாக இருக்கலாம், மனிதரிலும் ஒருவருக்கொருவர் பத்து மடங்கு வித்தியாசம் இருக்கலாம் என்பது கணக்கு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்த லேமன், பிட்சியூ என்ற இருவர் 1954-இல் எழுதி வைத்த இந்த நூறுதான் இன்றைக்கும் உலகமெங்கும் புழங்குகிறது.

நமக்குத் தெரிந்த மருந்தொன்றையே உதாரணமாக எடுப்போம். பராக்குவாட். ஒரு காலத்தில் நம் வயல்களில் புல்லுக்கு அடித்த அதே களைநாசினி. உலக உணவு விவசாய அமைப்பும் உலக சுகாதார ஸ்தாபனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் கூட்டம், 2003-இல் ஒரு மனிதர் ஒரு நாளைக்கு உணவோடு எவ்வளவு பராக்குவாட் உட்கொண்டால் பயமில்லை என்று ஒரு எல்லை வைத்தது. அதற்கு அடிப்படை ஒரு வருட நாய்ச் சோதனை. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.45 மில்லிகிராம் வரை கொடுத்த நாய்களின் நுரையீரலில் கெடுதி தெரியவில்லை. நூறால் வகுத்தார்கள். கிட்டத்தட்ட 0.005 வந்தது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது நாளொன்றுக்கு 0.3 மில்லிகிராம்.

இந்த எண் யாருக்கானது என்பதைக் கவனிக்க வேண்டும். கொழும்பிலோ லண்டனிலோ சோற்றையும் மரக்கறியையும் வாங்கிச் சாப்பிடுகிறவருக்கானது. முதுகில் மெசினைச் சுமந்துகொண்டு வெறுங்காலோடு வயலுக்குள் நடக்கிற மச்சானுக்கானதல்ல. தெளிப்பவருக்கென்று தனி எண் ஒன்றைக் கணிக்கும் நாடுகள் உண்டு. பல மருந்துகளுக்கு அதுவும் 90 நாள் நாய்ச் சோதனையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. கையுறை, பூட்ஸ், முழுக்கைச் சட்டை எல்லாம் போட்டால் அந்த எண்ணைத் தாண்டாது என்று காட்டி மருந்துக்கு அனுமதி வாங்குவது வழக்கம். நம் ஊர் வெயிலில் முழு உடுப்பும் போட்டு எண்ணெய் அடித்த ஒருவரையாவது நீங்கள் கண்டதுண்டா?

சரி, நாய்கள் செத்ததால் நாம் காப்பாற்றப்பட்டோமா? இலங்கையின் அனுபவம் இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. உலகத்துக்கே பாடமான பதில்.

1995-இல் இந்த நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை நடந்தது. உலகின் மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. வயல் சார்ந்த பிரதேசங்களில் வீட்டு மூலையில் இருந்த பீடைநாசினிதான் பெருங்காரணம். ஒரு நிமிடக் கோபத்தில், ஒரு நாள் துக்கத்தில் நடந்தவை அவற்றில் எத்தனையோ. 1980-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பதிவாளர் ஒருவர் இருக்கிறார். பேராதனை கெட்டம்பேயில் அலுவலகம். அந்த அதிகாரத்தைக் கொண்டு 1995-இல் மெத்தமிடோபோஸ், மொனோகுரோட்டோபோஸ் இரண்டையும் நிறுத்தினார்கள். 1998-இல் எண்டோசல்பான். 2008 முதல் 2011 வரை பராக்குவாட், டைமெத்தோயேட், பென்தியோன் மூன்றையும் படிப்படியாக நிறுத்தினார்கள். 2015 அளவில் அந்த 47 சுமார் 14 ஆகியிருந்தது. இருபது வருடத்தில் சுமார் 93,000 உயிர் தப்பியதாக 2017-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. விளைச்சல் அதனால் விழவுமில்லை.

எந்த மருந்தை நிறுத்துவது என்று எப்படித் தீர்மானித்தார்கள்? அநுராதபுரம், பொலன்னறுவை ஆஸ்பத்திரிகளில் 2002 முதல் 2008 வரை சேர்க்கப்பட்ட 9,000-க்கு மேற்பட்ட நஞ்சு நோயாளிகளை வைத்தியர்கள் ஒவ்வொருவராகப் பதிவு செய்தார்கள். யார் எந்த மருந்தால் வந்தார், பிழைத்தாரா இல்லையா. வார்டில், கட்டிலருகே எடுத்த கணக்கு. 2010-இல் வெளியான அந்த முடிவு ஒரு விசயத்தை முகத்தில் அடித்தாற்போல் காட்டியது. போத்தலில் இருக்கிற நிறப் பட்டி, அதாவது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அபாய வகுப்பு, எலியை வைத்துத் தீர்மானிக்கப்படுவது. ஒரே வகுப்பில், ஒரே நிறத்தில் இருந்த மருந்துகளுக்கிடையே மனித மரணத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்தது. பராக்குவாட்டும் டைமெத்தோயேட்டும் பென்தியோனும் ‘நடுத்தர அபாயம்’ என்ற வகுப்பில் அமைதியாக உட்கார்ந்திருந்தவை. எலி சொன்னதும் நாய் சொன்னதும் கோப்புகளில் இருந்தன. நம்மைக் காப்பாற்றிய தகவல் வந்தது நம் ஆஸ்பத்திரிகளிலிருந்து.

நாய்ச் சோதனை முழுப் பொய் என்று சொல்ல வரவில்லை. பராக்குவாட் நாயின் நுரையீரலைத் தாக்கியது, மனிதருடையதையும் தாக்குகிறது. அதில் நாய் உண்மையே சொன்னது. ஆனால் பிழையாகச் சொல்லும் இடங்களும் உண்டு, அதிலொன்று நம் வயலுக்கு மிக நெருக்கமானது. எம்.சி.பி.ஏ., 2,4-டி என்ற களைநாசினிகளைத் தெரியாத வெள்ளாமைக்காரர் இருக்க மாட்டார். இவை அமில வகை. மனிதரின் சிறுநீரகம் இவ்வகை அமிலங்களை விரைவாக வெளியேற்றிவிடும். நாயின் சிறுநீரகத்துக்கு அந்தச் சக்தி குறைவு. உடம்பிலேயே தங்கி நாயை வாட்டும். ஆகவே 2,4-டி விசயத்தில் நாயின் எண்ணை மனிதருக்குப் பொருத்துவது சரியல்ல என்று அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகமே ஏற்றுக்கொண்டது. அந்த எண்ணுக்காக இறந்த நாய்கள் நாயைப் பற்றி மட்டுமே நமக்குச் சொல்லிவிட்டுப் போயின. (மச்சான் நாயைக் கட்டி வைத்தது எவ்வளவு சரி என்று இதை வாசித்தபோது நினைத்துக்கொண்டேன்.)

விஞ்ஞானிகளுக்கே இந்தச் சந்தேகம் வந்தது. ஜெர்மனியில் ஸ்பீல்மன், கெர்பிராட் என்ற இருவர் அரசாங்கக் கோப்புகளில் தூங்கிக்கொண்டிருந்த இருநூறுக்கு மேற்பட்ட பீடைநாசினிகளின் நாய்ச் சோதனை முடிவுகளை எடுத்து ஒப்பிட்டு 2001-இல் வெளியிட்டார்கள். 90 நாள் சோதனை சொன்னதற்கு மேல் ஒரு வருடச் சோதனை புதிதாக எதைச் சொன்னது என்பதே கேள்வி. மிக அரிதாகவே ஏதாவது சொன்னது என்பது பதில். அமெரிக்காவிலும் இதே போல் பார்த்தார்கள். 2007-இல் அங்கு ஒரு வருட நாய்ச் சோதனை கட்டாயப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. 2013-இல் ஐரோப்பிய ஒன்றியமும் எடுத்தது. போராட்டக்காரர்களின் கோஷம் ஒரு பக்கம் இருக்கட்டும், இங்கே வேலை செய்தது பழைய கோப்புகளைத் திரும்ப வாசிக்கிற பொறுமை.

ஆனால் விதி மாறிய பிறகும் நாய்கள் கூண்டுக்குள் இருந்தன. ஏன் என்று விளங்கிக்கொள்ள 2019-இல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆய்வுகூடமொன்றில் புதிய பங்கசுநாசினி ஒன்றுக்காக 36 பீகிள் நாய்களில் ஒரு வருடச் சோதனை நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவுக்கு அந்தச் சோதனை தேவையில்லை. மருந்தை பிரேசிலிலும் விற்க வேண்டும், பிரேசிலின் விதியில் அது அப்போதும் இருந்தது என்பதே காரணம். அந்த வருடம் மார்ச் மாதம் பிராணிகள் நல அமைப்பொன்று ரகசியமாக எடுத்த ஒளிப்பதிவை வெளியிட்டது. பிரேசிலின் அதிகாரிகளிடமிருந்து, சோதனை இல்லாமலும் விண்ணப்பத்தை ஏற்கலாம் என்ற தெளிவு வந்தது. சில நாட்களுக்குள் கம்பனி சோதனையை நிறுத்தியது. உயிரோடிருந்த நாய்கள் வீடுகளுக்குத் தத்துப் போயின.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒளிப்பதிவல்ல, அந்தத் தெளிவுதான். மருந்தை வாங்குகிற நாடு “இது எங்களுக்குத் தேவையில்லை” என்று சொன்னால், எங்கோ தூரத்தில் கூண்டு திறக்கிறது. சொல்லாதவரை, வரும்முன் காப்போம் என்று கம்பனிகள் எல்லா நாட்டுக்கும் பொருந்துகிற மாதிரி எல்லாச் சோதனைகளையும் செய்து வைத்துக்கொள்கின்றன. இலங்கை பீடைநாசினியை இறக்குமதி செய்கிற நாடு. கெட்டம்பேக்கு வரும் கோவைகளில் இருக்கிற நச்சியல் ஆய்வுகள் வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் செய்யப்பட்டவை. ஒரு வருட நாய்ச் சோதனை இல்லாத கோவையையும் ஏற்போம், அதைக் கேட்க மாட்டோம் என்று பதிவாளர் எழுத்தில் அறிவித்தால் அரசாங்கத்துக்கு ஒரு சதமும் செலவில்லை. அதற்குப் பதிலாக, விற்பனைக்கு வந்த பிறகு ஆஸ்பத்திரிகளில் கிடைக்கிற தகவலைத் தொடர்ந்து சேகரித்துத் தாருங்கள், தெளிப்பவரின் சிறுநீரையும் இரத்தத்தையும் பரிசோதித்துக் காட்டுங்கள் என்று கேட்கலாம். உலகத்துக்கு அந்த முறையைக் காட்டிய நாடு நாம். கேட்கும் தகுதி நமக்கில்லாமல் வேறு யாருக்கு?

உள்நாட்டுச் சட்டத்தைப் பற்றிப் பேச அதிகமில்லை. 1907-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடைக் கட்டளைச் சட்டமே இன்னும் அடிப்படை. புதிய பிராணிகள் நலச் சட்ட வரைவைச் சட்ட ஆணைக்குழு 2006-இல் கையளித்தது. அதன் பிறகு எத்தனை பாராளுமன்றம் வந்து போய்விட்டது!

நம் வாசகர்களில் சிலருக்கு இந்த இடத்தில் வேறொரு நெருடல் இருக்கும். ‘நாய்க்காகவா இவ்வளவு எழுத்து?’ நம் வீடுகளில் நாய் வளர்ப்பதில்லை. அதன் எச்சில் பட்டால் ஏழு முறை, அதிலொன்று மண் கலந்து கழுவ வேண்டும் என்று ஓதும் பள்ளியில் படித்த தலைமுறை நாங்கள். ஆனால் அது கழுவும் சட்டம். நாயின் வேதனையைப் பற்றிய சட்டமல்ல. அதே நபிமொழிகளில் வேட்டைக்கும் மந்தைக்கும் பயிருக்கும் நாய் வைத்திருக்க அனுமதி உண்டு. மச்சானின் செவலை அந்த மூன்றாவது வகை. தாகித்த நாய்க்குத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தவர் மன்னிக்கப்பட்ட சம்பவத்தைச் சின்னப் பிள்ளையும் சொல்லும். உயிருள்ள பிராணியைக் கட்டி வைத்து அம்புக்கு இலக்காக்குவதும், அங்கங்களைச் சிதைப்பதும் தடுக்கப்பட்டிருக்கின்றன. லண்டனுக்கு அருகே வோக்கிங் ஷாஜஹான் பள்ளிவாசலில் இமாமாக இருந்த, இந்தியாவில் பிறந்த அல்ஹாபிழ் மஸ்ரி அவர்கள் 1980-களின் பிற்பகுதியில் பிராணிகள் பற்றி இரண்டு நூல்கள் எழுதினார்கள். அதில் ஆய்வுகூடச் சோதனைகளுக்கே தனியிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆடம்பரப் பொருட்களுக்காகப் பிராணிகளை வதைப்பதற்கு நியாயமே கிடையாது என்பதில் அவர்களிடம் தடுமாற்றம் இல்லை. தமிழில் அந்நூல்களைப் பற்றிப் போதிய பேச்சு எழவில்லை என்பது என் ஆதங்கம்.

எங்கள் பள்ளியில் மஃரிபுக்குப் பிறகு பேசிக்கொண்டிருந்தபோது மௌலவி ஒருவர் ஒரு கேள்வி போட்டார். “இன்சுலினும் நாயில பார்த்ததுதானே தம்பி? நம்மட உம்மாமார் எத்தனை பேர் அதில உயிரோட இருக்கிறாங்க?”

நியாயமான கேள்வி. 1921-இல் டொரொண்டோவில் பாண்டிங், பெஸ்ட் இருவரும் நாய்களின் கணையத்தை எடுத்துப் பார்த்துத்தான் இன்சுலினுக்கு வழி கண்டார்கள். மறு வருடமே ஒரு சிறுவனின் உயிரை அது மீட்டது. அந்தக் கடனை மறுக்க முடியாது, நான் மறுக்கவும் இல்லை. என் சொந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலும் அந்தக் குப்பி இருக்கிறது. ஆனால் அங்கே ஒரு கேள்விக்கு வேறு வழியில் பதில் இல்லாதிருந்தது, பதில் கிடைத்ததும் பயனும் கிடைத்தது. ஒரு வருட நாய்ச் சோதனையில் பதில் 90-ஆம் நாளே கையில் இருந்தது. அதற்குப் பிறகும் மிச்சம் நாட்களுக்கு நாய்களை வைத்திருந்தது பட்டியலில் ஒரு கட்டம் நிரப்ப வேண்டும் என்பதற்காக. இன்சுலின் கதையிலும் இன்னொரு பாதி இருக்கிறது. பன்றியிலிருந்தும் மாட்டிலிருந்தும் எடுத்த இன்சுலினைப் போடலாமா என்று நம் பெரியவர்கள் கவலைப்பட்ட காலம் ஒன்றிருந்தது. 1982-இல் நுண்ணுயிரியில் உண்டாக்கிய மனித இன்சுலின் விற்பனைக்கு வந்து அந்தக் கவலையைப் பெருமளவு தீர்த்தது.

90 நாள் சோதனை இன்னும் ஒழியவில்லை. அதற்குப் பதிலாக மனித ஈரல், சிறுநீரகக் கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்த்துச் சோதிப்பது முன்னேறி வருகிறது. மருந்துத் துறையில் ஐக்கிய அமெரிக்கா 2022 டிசம்பரில், பிராணிச் சோதனைதான் ஒரே வழி என்ற சட்ட வாசகத்தை மாற்றியது. இந்தியாவும் 2023-இல் தன் புதிய மருந்து விதிகளில் மனிதக் கலம் சார்ந்த முறைகளுக்கு இடம் கொடுத்தது. ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்து என்று கேட்பது இலகு. நஞ்சு விற்பவனுக்கு அது இன்னும் இலகுவாகிவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு உண்டு. சோதனையைக் குறைக்கிற சாட்டில் சோதிக்காத சாமானை நம் தலையில் கட்டிவிட்டால் முதலில் விழுவது வரம்பில் நிற்கிறவன்தான். அதனால்தான் நாயின் கோப்பை மூடுகிற அதே கையால் ஆஸ்பத்திரிக் கோப்பைத் திறக்க வேண்டும் என்கிறேன்.

இதையெல்லாம் மச்சானிடம் ஒரு நாள் தேத்தண்ணீர் குடித்தபடி சொன்னேன். முழுக்கக் கேட்டார். செவலை காலடியில் படுத்திருந்தது.

“அப்ப இந்தப் போத்தல்ல இருக்கிற நிறம் எலிக்கு, கணக்கு நாய்க்கு. எனக்கு எது?”

அடுத்த கமக்காரர் கூட்டத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் இதைக் கேட்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். நானும் போகிறேன்.